பிராண்ட் பாதுகாப்பு மென்பொருள் போலிகளைப் பிடிக்கத் தவறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கோயம்புத்தூரை அடுத்த ஓர் ஊரில் சீயக்காய்த் தூளும் மூலிகைத் தலைமுடி எண்ணெயும் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில், இணையத்தில் எங்கள் பெயரில் விற்கப்படும் போலிகளைத் தேடி அகற்றுவதே என் அன்றாட வேலை. இதற்கென்று ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். அது விற்பனைத் தளங்கள், சமூக ஊடக விளம்பரங்கள், புதிதாகப் பதிவாகும் டொமைன் பெயர்கள் (இணையதள முகவரிகள்) ஆகியவற்றை இரவும் பகலும் துழாவி, எங்கள் பெயரோ படமோ தென்படும் இடங்களைப் பட்டியலிடுகிறது. சந்தேகத்தின் அளவுக்கு ஏற்ப மதிப்பெண் இடுகிறது. அகற்றக் கோரும் புகாரையும் தயாரித்துத் தருகிறது. அது சரியாக வேலை செய்யவில்லை என்று நாங்கள் கோபப்பட்ட நாள்களைத் திரும்பிப் பார்க்கும்போது, பெரும்பாலும் கோளாறு மென்பொருளில் இருந்ததில்லை. நாங்கள் அதற்குக் கொடுத்திருந்த கோப்புகளில்தான் இருந்தது.

அந்தக் கோப்புகள் மூன்று. வணிகக்குறிப் (டிரேட்மார்க்) பதிவின் விவரம் ஒன்று, நம்மிடமிருந்து சரக்கு வாங்கி விற்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ஒன்று, அசல் பொருளின் படத்தொகுப்பு ஒன்று. கீழே வரும் எந்த அறிகுறியை ஆராயத் தொடங்கும் முன்பும் இந்த மூன்றையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றில் கிடைக்கும்.

வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது. மென்பொருளின் திரையிலோ ஒன்றுமே இல்லை

எல்லா அறிகுறிகளிலும் இதுவே மிக ஆபத்தானது, ஏனென்றால் திரை அமைதியாக இருப்பதைப் பார்த்து நாமும் அமைதியாக இருந்துவிடுவோம். ஒரு தாய் தன் மகளின் தலையில் எழுந்த கொப்புளங்களைப் படமெடுத்து, எங்கள் பெயர் ஒட்டிய ஒரு புட்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அந்தப் புட்டி எங்களுடையது அன்று. அந்த வாரம் எங்கள் திரையில் இருந்த எச்சரிக்கைகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

முதலில் வாடிக்கையாளரிடம் அவர் பொருளை வாங்கிய பக்கத்தின் இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். புட்டியின் படம் மட்டும் போதாது. அந்த இணைப்பை மென்பொருளின் பதிவேட்டில் தேடினால் மூன்றில் ஒரு விடைதான் வரும்: அந்தப் பக்கத்தை மென்பொருள் பார்க்கவே இல்லை; பார்த்தது, ஆனால் நம் பொருளோடு பொருத்தவில்லை; பொருத்தியது, ஆனால் மதிப்பெண் குறைவென்று ஒதுக்கிவிட்டது. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால், எது என்று தெரியாமல் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள்.

பார்க்கவே இல்லையென்றால், அந்தத் தளம் தேடல் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் பார்க்கவில்லையென்றால் அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சந்தேகியுங்கள். சில நிமிடங்களில் பொருளைக் கொண்டுவந்து தரும் செயலிகள், வாடிக்கையாளரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பொறுத்தே பொருள்களைக் காட்டுகின்றன. மென்பொருள் ஒரே ஒரு எண்ணிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால், வேறு ஊரில் விற்கப்படுவது அதன் கண்ணில் படாது. நாங்கள் இப்போது புகார் வரும் ஒவ்வோர் ஊரின் எண்ணையும் தேடலில் சேர்த்துவிடுகிறோம்.

பார்த்தும் பொருத்தவில்லையென்றால், பெயரின் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். இந்த இடத்தில் தமிழ்ப் பெயர் கொண்ட நிறுவனங்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. வெளிநாட்டில் உருவான மென்பொருள்களின் வழிகாட்டிகளில் இவை இருப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒருவர் ‘இசட் எச்’ என்று போடுவார், ஒருவர் ‘எல்’ மட்டும் போடுவார், இன்னொருவர் ‘இசட்’டோடு நிறுத்திக்கொள்வார். நெடிலை ஒருவர் இரட்டித்து எழுதுவார், மற்றவர் ஒற்றையாய் எழுதுவார். எங்கள் பெயர் ரோமன் எழுத்தில் எத்தனை வடிவங்களில் வரக்கூடும் என்று ஒரு மாலை உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பதினெட்டு வடிவங்கள் தேறின. மென்பொருளில் அதுவரை இருந்தது ஒன்று.

தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தாலும் இடர் தீர்ந்துவிடுவதில்லை. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை, கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில், ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துச் சரங்களை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டும் வெவ்வேறு. யூனிகோடு சீராக்கம் என்ற வசதியை இயக்கினால் இது சரியாகிவிடும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் சீராக்கமும் உதவாது, ஏனெனில் யூனிகோடின் கணக்கில் அவை உண்மையிலேயே வேறுவேறு எழுத்துகள். அதேபோல ஒன்றைக் குறிக்கும் தமிழ் எண் ககரத்தைப் போலவும், எட்டைக் குறிக்கும் எண் அகரத்தைப் போலவும், ஏழைக் குறிக்கும் எண் எகரத்தைப் போலவும் தோன்றும். தேடலிலிருந்து தப்ப நினைப்பவர் எழுத்துக்குப் பதிலாக எண்ணை இட்டுவிட முடியும். இத்தகைய ஒப்புரு இணைகளை நீங்களே ஒரு பட்டியலாக எழுதி, மென்பொருளின் மாற்று வடிவ அட்டவணையில் ஏற்றிவிடுவது நல்லது.

பெயரே எழுதாமல் படத்தை மட்டும் வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். மென்பொருள் படங்களை ஒப்பிடும் முறையில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, படத்தைச் சிறிதாக்கி அதன் ஒளி இருள் அமைப்பிலிருந்து ஒரு சுருக்கக் கைரேகையை உருவாக்கும். இது விரைவானது, ஆனால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினாலோ பெரும்பகுதியை வெட்டினாலோ ஏமாந்துவிடும். மற்றொரு வகை, கற்றுக்கொண்ட மாதிரியைக் கொண்டு படத்தின் உள்ளடக்கத்தை ஒப்பிடும். அது திருப்பிய படத்தையும் பெரும்பாலும் பிடித்துவிடும். அந்தத் தாய் வாங்கிய பக்கத்தில் இருந்த படம் இடம் வலமாகத் திருப்பப்பட்டிருந்தது. எங்கள் படத்தொகுப்பில் நேர்முகப் படங்கள் மட்டுமே இருந்தன. முன்புறம், பின்புறம், மூடி, அட்டைப்பெட்டி, பழைய வடிவ லேபிள், கையில் பிடித்தபடி எடுத்த படம் ஆகிய அனைத்தையும் சேர்த்து, இரண்டாம் வகை ஒப்பீட்டையும் இயக்கிய பிறகே எச்சரிக்கைகள் வரத் தொடங்கின.

எச்சரிக்கைகள் குவிகின்றன, பார்த்தால் பாதிக்கு மேல் நம் சொந்த முகவர்கள்

இங்கே கோளாறு இரண்டாவது கோப்பில் இருக்கிறது. நம் கணக்குப் புத்தகத்தில் முகவரின் கடைப் பெயர் ஒன்றாக இருக்கும். விற்பனைத் தளத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் வேறாக இருக்கும். பெயரை வைத்துப் பொருத்தும்வரை இது தீராது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளங்கள் விற்பனையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண் முதலிய விவரங்களைப் பயனர் பார்க்கும்படி தர வேண்டும். அவற்றோடு ஜிஎஸ்டி எண்ணும் கிடைத்தால் அதை வைத்தே பொருத்துங்கள். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்; தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 இடங்கள் அந்த வணிகரின் பான் எண். ஆகவே சென்னையிலும் பெங்களூரிலும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கும் ஒரே முகவரை, நடுவிலுள்ள அந்தப் பத்து இடங்களைக் கொண்டு ஒருவரே என்று கண்டுகொள்ளலாம். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எங்கள் காலைப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

பட்டியலில் இல்லாதவர் எல்லாரும் போலி விற்பவர் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. நம் மொத்த வியாபாரியிடம் முறையாக வாங்கிய அசல் சரக்கை ஒருவர் இணையத்தில் மறுவிற்பனை செய்தால், 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டத்தின் 30(3) பிரிவு அவர் பக்கம் நிற்கிறது. பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தால் அல்லது கெட்டிருந்தால்தான் 30(4) பிரிவின்படி நாம் எதிர்க்க முடியும். அவர்மீது ‘போலி’ என்று புகார் அனுப்புவது ஒரு சிறு வியாபாரியின் கணக்கை முடக்கி அவருடைய பிழைப்பைக் கெடுப்பதாகும். ஆதாரமில்லாமல் சட்ட மிரட்டல் விடுப்பதற்கு எதிராக அதே சட்டத்தின் 142-ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு வழக்குத் தொடரும் வழியைத் தந்திருக்கிறது. மலிவான விலை ஓர் அறிகுறி மட்டுமே, சான்று அன்று. பண்டிகைக்கு முன் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் கடைக்காரரும் மலிவாகத்தான் விற்பார். மென்பொருளின் விலை விதியை மட்டும் நம்பித் தானாகவே புகார் போகும்படி அமைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். சந்தேகப் பட்டியலில் வைத்து, ஒரு புட்டியைச் சோதனைக்காக வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

புகார் அனுப்பினோம், விற்பனைத் தளம் நிராகரித்துவிட்டது

நிராகரிப்புக் கடிதங்கள் பொதுவாக ஒரே வாசகத்தில் வரும் என்பதால் காரணத்தை நாமே தேட வேண்டியிருக்கும். பதிவுச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

சரக்கு வகுப்பு பொருந்துகிறதா? வணிகக்குறிகள் மொத்தம் 45 வகுப்புகளில் பதிவாகின்றன. தலைமுடி எண்ணெயும் குளியல் பொருள்களும் 3-ஆம் வகுப்பில் வரும். சமையல் எண்ணெய் 29-இல், மசாலாப் பொடி 30-இல், ஆடை 25-இல். மூன்றாம் வகுப்புச் சான்றிதழை இணைத்து, நம் பெயர் அச்சிட்ட பனியன்மீது புகார் கொடுத்தால் அது நிற்காது. அடுத்து, பதிவானது சொல்லா, லேபிளா என்று பாருங்கள். பல குடும்ப நிறுவனங்கள் பழைய லேபிளை முழுப் படமாக மட்டுமே பதிந்து வைத்திருக்கும். சொல்லைத் தனியாகப் பதிந்திருக்காது. அந்நிலையில் பெயரை மட்டும் எடுத்தாண்ட பக்கத்தின்மீது கொடுக்கும் புகார், குறிப்பாக முதல் கட்டச் சரிபார்ப்பை இயந்திரம் செய்யும் தளங்களில், தங்குவது கடினம். சொல்லையும், தமிழ் எழுத்து வடிவத்தையும் தனித்தனியே பதிவுக்கு விண்ணப்பிப்பதே இதற்கு நிலையான தீர்வு. பிறகு உரிமையாளர் பெயர்: தாத்தா காலத்துக் கூட்டு வணிகத்தின் பெயரில் சான்றிதழும், இப்போதைய பிரைவேட் லிமிடெட் பெயரில் புகாரும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் உரிமை மாற்றம் பதிவகத்தில் ஏறியிருக்க வேண்டும். பதிவு விண்ணப்ப நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குச் செல்லும்; புதுப்பித்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள். இன்னும் பதிவாகாத குறிக்கு, வட்டத்துக்குள் ‘ஆர்’ இட்டு லேபிள் அச்சிடுவது 107-ஆம் பிரிவின்கீழ் அபராதத்துக்குரிய மீறல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புகாரோடு இணைக்கும் நம் சொந்த லேபிள் படமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வணிகக்குறி உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது. இந்தியச் சான்றிதழை வைத்து வேறொரு நாட்டுக்கான விற்பனைப் பக்கத்தின்மீது கொடுக்கும் புகார் திரும்பி வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மாட்ரிட் நெறிமுறையில் இந்தியா 2013 ஜூலையில் சேர்ந்தது. அதன் வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்புக் கோர முடியும். பொருள் எங்கே விற்கிறதோ அந்த நாடுகளையாவது சேர்த்துவிட வேண்டும்.

சான்றிதழில் குறையில்லையென்றால் குறை சான்றில் இருக்கும். ‘இது போலி’ என்று எழுதினால் போதாது. எதனால் போலி என்று, பொருளைக் கண்ணால் காணாத ஓர் அலுவலருக்குப் புரியும்படி காட்ட வேண்டும். எங்களுக்கு நல்ல பலன் கொடுத்த ஒரு வேறுபாட்டைச் சொல்கிறேன். எங்கள் ஆலையில் லேபிள் முதலில் அச்சாகி வரும். லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதி எண்) தயாரிப்புத் தேதியையும் எண்ணெய் நிரப்பும் வரிசையில் புட்டி நகரும்போது இங்க்ஜெட் கருவி புள்ளி புள்ளியாக அடிக்கும். ஆகவே அந்த எழுத்து லேசாகச் சாய்ந்திருக்கும், புட்டிக்குப் புட்டி ஒரு மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ இருக்கும், விரலால் அழுத்தித் தேய்த்தால் சற்றே மங்கும். நாங்கள் இரண்டு மாத இடைவெளியில் வாங்கிய மூன்று போலிப் புட்டிகளில் லாட் எண் லேபிளோடு சேர்த்தே அச்சாகியிருந்தது: மூன்றிலும் ஒரே எண், ஒரே இடம், துளியும் பிசகாத நேர்க்கோடு. மூன்றையும் எங்கள் அசல் புட்டிகள் மூன்றையும் ஒரே மேசையில் நிறுத்தி எடுத்த ஒரு படம், அதற்கு முன் இரண்டு பக்கங்களுக்கு எழுதிய விளக்கத்தால் ஆகாததைச் செய்தது. ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட புகார் அந்தப் படத்தோடு ஏற்கப்பட்டது.

சோதனைக்காக வாங்கும்போது பார்சலைப் பிரிப்பதை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். ஆர்டர் எண்ணும் அனுப்புநர் முகவரியும் அதில் தெரிய வேண்டும். பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை மென்பொருள் வழியாகவே எடுத்து, அது உருவாக்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் மதிப்போடு (கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்டும் சுருக்கக் குறியீடு) சேமியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் அளிக்கும்போது இணைக்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். வழக்கு வரை போகும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், பக்கம் அகற்றப்பட்ட பிறகு அதைத் திரும்பப் படமெடுக்க வழி கிடையாது.

நம் சொந்த விற்பனைப் பக்கத்திலேயே போலி விற்பனையாகிறது

அமேசான் போன்ற தளங்களில் ஒரு பொருளுக்கு ஒரே பக்கம்தான். அதே பொருளை விற்கும் எல்லாரும் அந்தப் பக்கத்திலேயே விலை கூறுவார்கள். நாம் எழுதிய விளக்கம், நாம் எடுத்த படம், ஆண்டுக்கணக்கில் நாம் சம்பாதித்த விமர்சனங்கள் ஆகிய அனைத்தின் நிழலிலும் ஒரு போலி விற்பனையாளர் வந்து உட்கார்ந்துகொள்ள முடியும். பெயரும் படமும் நம்முடையவையே என்பதால் அவற்றை ஒப்பிடும் மென்பொருளுக்கு இது தென்படாது. திடீரென்று ஒரு நட்சத்திர விமர்சனங்கள் கூடுவதும், ‘மணம் மாறிவிட்டது’ போன்ற காரணங்களோடு திருப்பி அனுப்புதல்கள் பெருகுவதும், நம் ஆர்டர் எண்ணிக்கை விலை மாற்றம் ஏதுமின்றிச் சரிவதும்தான் அடையாளங்கள். மென்பொருளில் ஒரு பக்கத்தில் புதிய விற்பனையாளர் சேர்ந்தவுடன் எச்சரிக்கும் வசதி இருக்கும். அதை உங்கள் பொருள் எண்கள் அனைத்துக்கும் இயக்குங்கள்.

புகார் எழுதும்போது மிகுந்த கவனம் வேண்டும். அந்த விற்பனையாளரின் விலைக்கூறலை மட்டுமே குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். பக்கம் முழுவதையும் குறிப்பிட்டுவிட்டால், தளம் உங்கள் பக்கத்தையே முடக்கிவிடக்கூடும். விமர்சனங்களோடு அதை மீட்டெடுப்பது வாரக் கணக்கான போராட்டம்.

இது திரும்பத் திரும்ப நடந்தால், ஒவ்வொரு புட்டிக்கும் தனித்த குறியீடு ஒட்டும் திட்டங்களைப் பரிசீலிக்கலாம். அமேசானின் டிரான்ஸ்பரன்சி அத்தகையது: குறியீடு சரிபார்க்கப்படாத பொருள் வாடிக்கையாளருக்கு அனுப்பப்படுவதில்லை. பதிவு பெற்ற பிராண்டுகள் போலிப் பக்கங்களைத் தாங்களே நேரடியாக நீக்க உதவும் பிராஜெக்ட் ஜீரோவும் 2019 முதல் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் அது பறிபோகும். முந்தைய பகுதியில் சொன்ன முகவர் பட்டியல் ஒழுங்காக இல்லாத நிறுவனம் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

அகற்றிய மூன்றாம் நாளே வேறு பெயரில் திரும்பி வருகிறது

பக்கங்களை ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டே இருந்தால் களைப்புத்தான் மிஞ்சும். இங்கே மென்பொருளின் உண்மையான பலம் அகற்றுவதில் இல்லை, இணைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்களில் விற்பனையாளர்களைக் குழுவாகத் தொகுக்கும் வசதி உண்டு: ஒரே தொலைபேசி எண், ஒரே திருப்பி அனுப்பும் முகவரி, ஒரே எழுத்துப் பிழையோடு நகலெடுக்கப்பட்ட விளக்கம், ஒரே நேரத்தில் மாறும் விலை ஆகியவற்றைக் கொண்டு வெவ்வேறு கணக்குகளை அது ஒன்றாகக் கட்டும். எங்கள் மென்பொருள் இவற்றைச் சரிபார்த்தும் ஒன்பது கணக்குகளைத் தனித்தனியே காட்டியது. என் உடன் பணிபுரியும் பெண்மணி படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புட்டிக்குக் கீழே விரித்திருந்த நீலத் தார்ப்பாயின் ஓரத்தில் பீடி சுட்டது போன்ற ஒரு ஓட்டையைக் கண்டார். ஒன்பதில் ஏழு கணக்குகளின் படங்களில் அதே ஓட்டை, அதே மூலை. பின்னணியைத் தனியே வெட்டி எடுத்து அதையும் ஒரு மாதிரிப் படமாக ஏற்றினோம். மென்பொருள் மேலும் நான்கு கணக்குகளைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இப்படித் தொகுத்த பிறகு தனிப் பக்கங்களின்மீது புகார் எழுதாதீர்கள், குழுவாகவே எழுதுங்கள். முன்பு சொன்ன மின்வணிக விதிகளே, வணிகக்குறிச் சட்டம் முதலியவற்றின்கீழ் பொருள்கள் அகற்றப்பட்ட பிறகும் மீண்டும் மீண்டும் விற்க வரும் விற்பனையாளர்களை அடையாளம் காண உதவும் பதிவுகளை வைத்திருக்க நியாயமான முயற்சி எடுக்குமாறு விற்பனைத் தளங்களிடம் சொல்கின்றன. முந்தைய புகார் எண்கள், அகற்றிய தேதிகள், கணக்குகளை இணைக்கும் சான்றுகள் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கிக் குறைதீர் அலுவலருக்கு அனுப்பும்போது, தளம் அதைத் தனிச் சம்பவம் என்று தள்ளிவிட முடியாது.

ஒரு கிடங்கின் முகவரி கிடைத்துவிட்டால் காவல்துறையும் வரலாம். போலி வணிகக்குறியுள்ள பொருளை விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. பிடியாணையின்றிச் சோதனையிட்டுக் கைப்பற்றத் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முதலில் வணிகக்குறிப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும் என்று 115(4) பிரிவு சொல்கிறது. இதற்கு ஆகும் நாள்களைக் கணக்கிட்டு, கிடங்கு முகவரி தெரிந்ததும் அந்தக் குழுவின் பக்கங்களை அவசரப்பட்டு அகற்றாமல் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அவசரப்பட்டு அகற்றினால் விற்பவர் உஷாராகிச் சரக்கை நகர்த்திவிடுவார்.

எச்சரிக்கைகள் திடீரென்று குறைந்துவிட்டன

மகிழ்வதற்கு முன் சோதியுங்கள். விற்பனைத் தளம் தன் பக்க அமைப்பை மாற்றியிருந்தாலோ, தானியங்கித் தேடலைத் தடுத்திருந்தாலோ, மென்பொருள் வெற்றுப் பக்கங்களையே படித்துவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தளத்திலும் நிச்சயமாக இருக்கும் நம் அசல் பக்கம் ஒன்றைக் காவல் பக்கமாகக் குறித்து வையுங்கள். அன்றாடத் தேடலில் அது அகப்படவில்லையென்றால் தேடலே நடக்கவில்லை என்று பொருள்.

நம் பெயரைப் போன்ற இணையதளம். அலுவலகத்தில் திறந்தால் வெற்றுப் பக்கம்

பெருந்தள்ளுபடி விளம்பரம் ஒன்றைக் கண்டு வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார்; அவர் அனுப்பிய இணைப்பை நாம் கணினியில் திறந்தால் சமையல் குறிப்போ காலிப் பக்கமோ வரும். வருபவர் யார் என்று பார்த்து வேறுவேறு முகங்களைக் காட்டும் உத்தி இது. கைப்பேசியிலிருந்து, விளம்பரத்தைத் தொட்டு, இன்ன மாநிலத்திலிருந்து வந்தால் மட்டுமே போலிக் கடை திறக்கும். அலுவலக இணைப்பை விட்டுவிட்டு, கைப்பேசித் தரவு வழியாக விளம்பரத்தின் முழு இணைப்போடு, அதன் இறுதியிலுள்ள நீண்ட குறியீடுகளைக் கத்தரிக்காமல், திறந்து பாருங்கள். மென்பொருளிலும் கைப்பேசி உலாவியாகத் தோன்றும்படி அமைக்கும் வசதி இருக்கும்.

இத்தகைய தளங்களை விளம்பரம் வருவதற்கு முன்பே கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. பூட்டுக் குறியோடு திறக்கும் எந்த இணையதளத்துக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். 2018-இலிருந்து குரோம் உலாவி, புதிதாக வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்று கோருகிறது. அந்தப் பதிவேடுகளை யாரும் படிக்கலாம். மென்பொருள் அவற்றைத் தொடர்ந்து வாசித்து, நம் பெயரைப் போன்ற டொமைனுக்குச் சான்றிதழ் எடுத்தவுடனேயே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வரவில்லையென்றால் மாற்று வடிவ அட்டவணையை மீண்டும் பாருங்கள்: லத்தீன் ‘ஏ’ போலவே தோன்றும், ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரில்லிக் எழுத்தும், .இந்தியா, .சிங்கப்பூர், .இலங்கை ஆகிய தமிழ் முடிவுகளும் அதில் இருக்க வேண்டும்.

அகற்றுவதற்கு எங்கே போவது என்பது தளம் செய்யும் குற்றத்தைப் பொறுத்தது. அது வாடிக்கையாளரின் அட்டை விவரங்களைத் திருடும் மோசடித் தளம் என்றால், டொமைன் பதிவாளரிடம் அப்படியே சொல்லுங்கள். 2024 ஏப்ரல் முதல் பொது டொமைன்களின் பதிவாளர்கள் இத்தகைய தூண்டில் மோசடிமீது, சான்று இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகானின் ஒப்பந்தம் கட்டாயப்படுத்துகிறது. வெறும் போலிப் பொருள் விற்பனை அந்த வரையறைக்குள் வராது. அதற்கு, தளத்தைத் தாங்கும் செர்வர் நிறுவனத்திடமும், பணம் வாங்கும் நிறுவனத்திடமும், விளம்பரம் ஓடும் சமூக ஊடகத்திடமும் ஒரே நாளில் புகார் கொடுப்பது பலன் தருகிறது.

டொமைன் பெயரையே கைப்பற்ற வேண்டுமானால் நடுவர் முறை இருக்கிறது. .காம் போன்ற பெயர்களுக்கு யுடிஆர்பி என்ற டொமைன் தகராறுத் தீர்வு முறை. உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரு நடுவர் கொண்ட வழக்குக்கு, ஐந்து டொமைன்கள் வரை, கட்டணம் 1,500 டாலர். அங்கே பெயர் தீய நோக்கத்தோடு பதியப்பட்டதையும் பயன்படுத்தப்பட்டதையும், இரண்டையுமே நிறுவ வேண்டும். .இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பு நடத்தும் அதுபோன்ற முறையான ஐஎன்டிஆர்பி; அங்கே பதிவு, பயன்பாடு ஆகிய இரண்டில் ஒன்றில் தீய நோக்கம் தெரிந்தாலே போதும்.

கியூஆர் குறியீடு ‘அசல்’ என்கிறது, பொருளோ போலி

எல்லாப் புட்டிகளிலும் ஒரே குறியீடு அச்சிட்டிருந்தால், அது லேபிளோடு சேர்ந்து நகலாகும். அது எதையும் நிரூபிக்காது. புட்டிக்கு ஒன்றாகத் தனித்த குறியீடு இருந்தும் இந்த அறிகுறி வந்தால், மென்பொருளில் அந்தக் குறியீட்டின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஒரே குறியீடு பல கைப்பேசிகளில் நாள்தோறும் வாசிக்கப்படுகிறது என்றால், ஓர் அசல் புட்டியை வாங்கி அதன் குறியீட்டை ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் குறியீட்டின் விடையை ‘இது பலமுறை சரிபார்க்கப்பட்டுள்ளது, எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்று மாற்றிவிடுங்கள். ‘போலி’ என்று அறிவித்துவிடாதீர்கள், அந்த ஒரு அசல் புட்டியும் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது.

இரண்டு ஊர்களில் சில நிமிடங்களுக்குள் வாசிக்கப்பட்டால் எச்சரிக்கும் விதியைக் கவனமாகக் கையாளுங்கள். கைப்பேசி இணைப்பின் ஐபி முகவரி உண்மையான ஊரைக் காட்டுவதில்லை. திருநெல்வேலியில் வாசித்தது சென்னை என்று பதிவாகலாம், அதே வீட்டு வைஃபையில் வாசித்தது சரியான ஊராகப் பதிவாகலாம். மாநில அளவிலான வேறுபாட்டையும் கைப்பேசியின் வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பொய் எச்சரிக்கை குறையும்.

குறியீடு முன்பு ஒருமுறைகூட வாசிக்கப்படாதது, ஆனால் பொருள் போலி என்றால், கசிவு நம் பக்கம் இருக்கிறது. அச்சகத்தில் மிஞ்சிய லேபிள் சுருள் வெளியே போயிருக்க வேண்டும். அந்தக் குறியீடு எந்தச் சுருளின் எந்த எண் வரம்பில் வருகிறது என்று பார்த்து, நிரப்பும் வரிசையில் ஒட்டப்பட்டதாகப் பதிவாகாத எண்கள் அனைத்தையும் உடனே செயலிழக்கச் செய்யுங்கள். நாங்கள் இப்போது சுருளை எண்ணி அனுப்புகிறோம், எண்ணித் திரும்ப வாங்குகிறோம். கிழிந்த லேபிளும் கணக்கில் வருகிறது.

கடைசியாக, வாடிக்கையாளர் அனுப்பிய படத்திலுள்ள குறியீட்டை நீங்களே வாசித்து, அது திறக்கும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் முகவரியைப் போன்ற வேறொரு டொமைனில், நம் பக்கத்தைப் போலவே பச்சை நிறத்தில் ‘அசல்’ என்று காட்டும் பக்கம் திறந்தால், அந்த வாசிப்புகள் எதுவும் நம் பதிவேட்டுக்கு வந்திருக்காது. அதை முந்தைய பகுதியில் சொன்ன டொமைன் வழியில் அன்றே தொடங்குங்கள். சரிபார்க்கும் முகவரி எது என்பதைப் புட்டியின் கழுத்தில், குறியீட்டுக்கு மேலே, வாசிக்கக்கூடிய அளவில் தமிழிலேயே அச்சிடுங்கள். புகார் அனுப்பிய வாடிக்கையாளரிடம், அந்த எண்ணெயை இனித் தடவ வேண்டாம் என்றும், புட்டியை எறியாமல் எங்கள் செலவில் எங்களுக்கு அனுப்பித் தாருங்கள் என்றும் அன்று மாலைக்குள் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.